சியாசத் நாமாவும் அதனை இயற்றிய அமைச்சரும்

பாரசீக மொழியின் பழைய உரைநடை நூல்களுள் தலைசிறந்தவற்றுள் ஒன்று சியாசத் நாமா. அரசர் ஒழுகலாறு எனப் பொருள்படும் சியருல் முலூக் என்னும் பெயரும் அதற்குண்டு. செல்ஜுக் துருக்கியப் பேரரசில் 1063 தொடக்கம் 1092 வரை, அல்ப் அர்ஸலான், மலிக் ஷா என்னும் சுல்தான்கள் இருவரிடத்தும் தலைமை வசீராய் அமர்ந்து ஆட்சி நடாத்திய நிஸாமுல்முல்க் அதனை இயற்றியவர். சார்ல்ஸ் ஷெபர் அதன் மூலத்தை 1891இல் பாரிசிற் பதிப்பித்து, 1893இற் பிரெஞ்சு மொழிபெயர்ப்பையும் வெளியிட்டார். ஹூபர்ட் டார்க் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1960இல் வெளிவந்தது. அந்நூலைப் போற்றுவோர் எந்நாட்டுக்கும் எக்காலத்துக்கும் பொருந்தும் அரசநீதி நூலென்று அதனைப் போற்றுகின்றனர். குறை காண்போர் அதன்கண் உள்ள வரலாற்றுப் பிழைகளை எண்ணிக்காட்டி, கதைத் தொகுதியென்று ஒதுக்குகின்றனர். இரு சாராரும் நூலை நூலாசிரியரின் வாழ்க்கையினின்றும் பிரித்தெடுத்தே படிக்கின்றனர் என்பது எம் கருத்து. தம் அரசனுடைய செவியைப் பிறர் கவர்ந்துகொள்ளக் கண்ட முதிய அமைச்சர் ஒருவர், அதனை நேரே சொல்லமாட்டாராய், அரசியலறம் என்னும் போர்வையுட் பொதிந்து சொல்லிய முறையீடே சியாசத் நாமா. அவ்வாறு படிக்கும்போது அதன் பிழைகள் பிழைகளாகவே எஞ்சும். ஆனால், அதன் முரண்பாடுகள் பொருளுடையனவாகும்.

ஆசிரியர் வரலாற்றை முதலிற் சுருங்கக் கூறுதல் வேண்டும். ஹசன் என்னும் இயற்பெயருடைய அவர் 1018ஆம் ஆண்டளவிற் குராசானிலே தூஸ் நகரையடுத்த ராத்கானிற் பிறந்தவர். தந்தையார் கஸ்னவி அரசரின் கீழ் வரியிறை அலுவல் பார்த்தவர். 1040இல் தந்தானகான் போரிற் கஸ்னவியர் தோற்றுக் குராசான் செல்ஜுக்கியர் கைப்பட்டது. சிலகாலங் கஸ்னாவிற் பணிபுரிந்த ஹசன், பின்னர் வென்றவரிடமே வேலைக்கு வந்தார். துருக்கியர் குதிரை மேலிருந்து நாடுகளைக் கொண்டனர். கணக்கும் கடிதமும் அறிந்த பாரசீக எழுத்தர் இன்றி அவற்றை ஆளுதல் அவர்க்கு இயலாதாயிற்று. ஹசனுடைய உயர்வுக்கு அதுவே அடிப்படை. அல்ப் அர்ஸலான் 1063இல் அரியணை ஏறியபோது அவர் வசீரானார். நாட்டின் ஒழுங்கு எனப் பொருள்படும் நிஸாமுல்முல்க் என்ற பட்டமே அவர்க்குப் பெயராயிற்று.

அவ்வுயர்வு குருதிக் கறையோடு தொடங்கியதென்பதை மறைத்தல் தகாது. முந்திய சுல்தான் துக்ரிலின் வசீராயிருந்த அல்-குந்துரி பதவி நீக்கப்பட்டுச் சிறையிடப்பட்டு, 1064இற் கொல்லப்பட்டார். அதன்கண் நிஸாமுல்முல்க்கிற்குப் பங்குண்டென்பது வரலாற்றாசிரியர் துணிபு. கொலைஞர் வந்து நின்றபோது அல்-குந்துரி புதிய வசீருக்குச் செய்தியொன்று விடுத்தாராம்: வசீர்களைக் கொல்லும் தீய வழக்கத்தைத் துருக்கியர்க்குக் கற்பித்துவிட்டீர், அது உம்மிடத்தும் உம் வழியினரிடத்தும் திரும்பி வரும் என்பது அச்செய்தியின் கருத்து. பின் நிகழ்ந்ததை அறிந்தோர் முன்னரே புனைந்து வைத்த உரையாகவும் இது இருத்தல் கூடும். எவ்வாறாயினும், சியாசத் நாமாவைக் கையிலெடுப்போர் இதனை மறவாதிருத்தல் நன்று.

இவரைப் பற்றித் தமிழ் வாசகர் கேட்டறிந்த கதை வேறொன்று. உமர் கய்யாமும் நிஸாமுல்முல்க்கும் அலமூத் கோட்டையின் தலைவன் ஹசன் சப்பாஹும் இளமையில் ஒரு பள்ளியிற் பயின்ற தோழர் என்பது அக்கதை. 1859இல் வெளிவந்த பிட்ஸ்ஜெரால்டின் முன்னுரை அதனை உலகெங்கும் பரப்பியது. கவிமணியின் தமிழாக்கத்தால் உமர் கய்யாமை அறிந்த நம்மவரும் அதனை விரும்பிக் கேட்பர். ஆனால் கய்யாம் பிறந்தது 1048இல். நிஸாமுல்முல்க் அவரினும் முப்பது ஆண்டு மூத்தவர். ஹசன் சப்பாஹ் இறந்தது 1124இல். முப்பது வயது வேறுபாடுடையோர் ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கமாட்டார் என்பது எந்தப் பள்ளி மாணவனுக்குந் தெரியும். உண்மைத் தொடர்பு இதனினும் சிறந்தது. 1074இல் மலிக் ஷாவுக்கென அமைந்த வானாராய்ச்சி நிலையத்திற் கய்யாம் முதலாய கணிதர் பணிபுரிந்தனர். 1079இல் நடைமுறைக்கு வந்த ஜலாலி நாட்காட்டி அப்பணியின் பயன்.

அல்ப் அர்ஸலான் 1072இற் கைதியொருவனாற் குத்துண்டு இறந்தான். மகன் மலிக் ஷாவுக்கு அப்போது வயது பதினெட்டுக்கு மேலிராது. தந்தையின் உடன்பிறந்தான் காவுர்த் படைதிரட்டி வந்தான். அவனை முறியடித்துக் கழுத்தை நெரித்துக் கொல்வித்து, இளைஞனை அரியணையில் நிலைநிறுத்தியவர் நிஸாமுல்முல்க். அன்று தொடக்கம் இருபதாண்டுகள் அவரே அரசு எனினும் மிகையாகாது. அரசன் அவரைத் தந்தை நிலையில் வைத்து அத்தாபெக் எனப் பட்டமளித்தான். பாக்தாதில் 1067இல் அவர் திறந்த நிஸாமியாக் கல்லூரியும், நிஷாப்பூர் முதலிய நகரங்களில் அதே பெயரில் எழுந்த கல்லூரிகளும் அவர் புகழை இன்றளவுந் தாங்குகின்றன. இமாம் கஸ்ஸாலி 1091இற் பாக்தாது நிஸாமியாவின் ஆசிரியராய் அமர்த்தப்பட்டது அவராலேயே. ஆமூ நதியைப் படை கடந்தபோது ஓடக்காரர்க்குரிய கூலியை அந்தியோக்கியா நகரின் வருவாயிற் பெறுமாறு அவர் சீட்டெழுதிக் கொடுத்தார் என்றுஞ் சொல்வர். ஓடக்காரர் முறையிட, அரசன் காரணம் வினவ, நம் ஆணை எத்துணைத் தொலைவு செல்லுமென்பதைப் பின்வருவோர் அறியட்டும் என்றாராம். அரசாட்சியை ஓர் எழுத்தர் எவ்வாறு கண்டார் என்பதற்கு இதனினும் சிறந்த சான்றில்லை. ஓடக்காரரின் அன்றைய உணவுக்கு வழி யாதென்பது வேறு வினா.

இனி நூலுக்கு வருவாம். அரசின் குறைகளை ஆராய்ந்து எழுதுக என மலிக் ஷா பெரியோர் சிலரைப் பணித்தான் என்றும், எழுதப்பட்டவற்றுள் நிஸாமுல்முல்க்கின் நூலையே ஏற்றான் என்றும் முகவுரை கூறும். ஐம்பது இயல்கள் கொண்ட நூலில் முதல் முப்பத்தொன்பதும் முன்னர் இயன்றவை. ஏனைய பதினொன்றும் பிற்சேர்க்கை. 1092இல் அவர் பாக்தாதுக்குப் புறப்படுமுன் அரச நூல்களை எழுதும் முஹம்மத் மக்ரிபி என்பாரிடம் ஒப்புவிக்கப்பட்டவை. ஏடெழுதியவரின் கை நூலில் எவ்வளவு கலந்துள்ளது என இக்கால ஆய்வாளர் சிலர் ஐயுறுவர். நூல் முழுவதுமே பிறர் புனைவென வாதிப்போருமுளர். இவ்வையம் எளிதிற் தள்ளத்தக்கதன்று. ஆயினும் பிற்பகுதியிற் காணப்படும் மனக்குறைகள், நிஸாமுல்முல்க்கின் இறுதி ஆண்டுகளில் அவரைச் சூழ்ந்த பகைகளோடு அத்துணைப் பொருத்தமுறுகின்றன. அப்பகைகள் எல்லாம் மாண்டொழிந்த பின்னர் அவற்றை இவ்வளவு சூட்டோடு எழுதுதற்குப் பிறர்க்கு யாது தூண்டுதல்? ஆதலின் நூலின் உட்கிடை அவருடையதே எனக் கொண்டு மேற்செல்வாம்.

முதற்பகுதியிற் பேசுபவர் தம் வலிமையில் ஐயமில்லாதவர். தூதரை வரவேற்றல், படைக்குப் பல இனத்தவரைச் சேர்த்தல், அரசனோடு களித்திருக்கும் தோழரைத் தெரிதல், அரண்மனை உணவுப் பந்தி என எதனையும் விடாது பேசுகின்றார். சிலவிடங்களில் அவர் அறிவுநுட்பம் வியக்கத்தக்கது. எடுத்துக்காட்டாக, துர்க்குமானிய நாடோடிகளால் நாட்டுக்குத் தொல்லையுண்டு. ஆயினும் அவர் அரச குலத்தின் உறவினர், தொடக்கத்தில் உதவியவர். எனவே அவர்தம் மைந்தருள் ஆயிரம் பேரை அரண்மனைப் பணியாளராய்ச் சேர்த்துப் பயிற்றுக என்கின்றார். ஒறுத்தலும் ஒதுக்கலும் இன்றிச் சிக்கலொன்றைத் தீர்க்கும் இவ்வழி, நூலிற் சினந் தலைப்படாத பகுதிக்கே உரியது.

நிலவருவாயைப் படைவீரர்க்கு ஊதியமாய் ஒதுக்கும் இக்தா முறை பற்றிய ஐந்தாம் இயலே நூலின் உயிர்நிலை என்பேம். இக்தா பெற்றவனுக்குக் குடிகளிடம் உரியது நேர்மையான வரி ஒன்றே. அவர்தம் உடலும் உடைமையும் மனைவி மக்களும் அவனுக்கு உரியரல்லர். குறைகூற அரசவைக்கு வரும் குடியை அவன் தடுத்தல் கூடாது என்று வரையறுக்கின்றார். இதனை விளக்க நௌஷேர்வான் மன்னனின் கதையைக் கூறுகின்றார். அதர்பைஜான் ஆளுநன் ஏழைக் கிழவி ஒருத்தியின் சிறு நிலத்தைப் பறித்துத் தன் மாளிகைத் தோட்டத்தோடு சேர்த்துக்கொண்டான். அவள் நெடுவழி நடந்து, வேட்டைக்களத்தில் மன்னனைக் கண்டு முறையிட்டாள். மன்னன் உடனே சினந்தெழவில்லை. நம்பிக்கையானவன் ஒருவனை மறைவாய் அனுப்பி உண்மையறிந்த பின்னரே தண்டித்தான். கதை நீளமானது, இருப்பினும் ஒரு வரியும் மிகையன்று. நௌஷேர்வான் காலத்து நிகழ்ச்சிதானா என வினவுவோர் இங்கு ஏமாறுவர். குறையுடையோன் அரசனை அடையும் வழியில் எத்தனை பேர் நிற்கின்றனர் என்பதே ஆசிரியர் காட்டக் கருதியது. அதனை அவரினும் நன்கறிந்தவர் இலர். அவ்வழியின் இறுதி வாயிலில் நின்றவர் அவரே.

இவ்விடத்திலேதான் நூலின் முதல் முரண் தோன்றுகின்றது. நான்காம் இயலில், வசீரின் நடத்தையை மறைவாக ஆராய்ந்துகொண்டேயிருத்தல் வேண்டுமென அரசனுக்கு அறிவுறுத்துகின்றார். அதற்குச் சான்றாய் வருவது பஹ்ராம் கூர் கதை. நேர்நடையோன் எனப் பொருள்படும் பெயருடைய வசீர் ஒருவனிடம் பஹ்ராம் நாட்டை ஒப்புவித்து வேட்டையிலும் மதுவிலும் திளைத்தான். வசீர் குடிகளைச் சூறையாடினான். பகைவன் எல்லையில் வந்தபோது கருவூலம் வெறிதாயிருந்தது. மனங்கலங்கித் தனியே சென்ற மன்னன், மேய்ச்சல் நிலமொன்றில் நாய் ஒன்று தூக்கிலிடப்பட்டிருப்பதைக் கண்டான். மந்தையைக் காக்கவேண்டிய அந்நாய் பெண் ஓநாயொன்றோடு உறவுகொண்டு, அது ஆடுகளைத் தின்னக் கண்டும் வாளாவிருந்ததென இடையன் சொன்னான். மன்னனுக்குப் பொருள் விளங்கிற்று. குடிகள் மந்தை, வசீர் நாய். இறுதியில் வசீரும் தூக்கிலிடப்பட்டான்.

முப்பதாண்டு வசீராயிருந்த ஒருவர் தம் அரசன் கையிற் கொடுத்த கதை இது. இதனைப் பெருந்தன்மை என்பார் பலர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. கதையிலுள்ள நாய் தாமாதல் கூடுமென்னும் எண்ணம் எழுதும்போது அவர் உள்ளத்திற் தோன்றியதற்கு அறிகுறி எங்கும் இல்லை. தம்மீது அத்தகைய ஆராய்ச்சி நிகழாதென்ற உறுதியே அவரை அவ்வாறு எழுதச்செய்தது.

ஒற்றர் பற்றிய பத்தாம் இயல் இதனை வலியுறுத்தும். நாடெங்கும் செய்தியாளரையும் ஒற்றரையும் வைத்தல் பண்டை மன்னர் மரபு எனத் தொடங்கும் ஆசிரியர், அல்ப் அர்ஸலான் அதனை மறுத்த வரலாற்றையும் தாமே கூறுகின்றார். எம்மை நேசிப்போர் ஒற்றனைப் பொருட்படுத்தார். பகைவரோ அவனுக்குப் பொருள் கொடுத்து நட்பாக்குவர். ஆகவே நண்பரைப் பற்றித் தீமையும் பகைவரைப் பற்றி நன்மையுமே எம் செவிக்கு எட்டும். நாளடைவில் நண்பர் தொலைவர், பகைவர் அணுகுவர் என்பது அச்சுல்தானின் மறுமொழி. நூலிலுள்ள அரசியற் கருத்துக்களுள் ஆழமானது எதுவென வினவின், எழுதப் படிக்கப் பழகாத இத்துருக்கியப் போர்வீரனுடையதென்று சாற்றப்படும் இக்கருத்தையே காட்டுவேம். நிஸாமுல்முல்க் அதனை எதிர்த்து வாதித்து வெல்லவில்லை. ஆயினும் ஒற்றர் இருத்தலே நன்று என்று சொல்லி மேற்செல்கின்றார். தம் கருத்துக்கு மாறான வன்மையான வாதத்தை மறைக்காது எழுதி வைத்தமை அவர் நேர்மைக்குச் சான்று.

இறுதிப் பதினோரியல்களில் நடை வேறு, குரல் வேறு. நாற்பத்தோராம் இயல் ஒருவனுக்கு இரு பதவி கொடுத்தலாகாது என்கின்றது. தகுதியில்லாத ஒருவன் பல பதவிகளைப் பற்றிக்கொள்ள, தகுதியும் குடிப்பிறப்பும் உடையோர் வேலையின்றி வீட்டிலிருக்கின்றனரென ஆசிரியர் வருந்துகின்றார். இதனைப் படிப்போர் அவருடைய மைந்தரையும் மருமக்களையும் பேரரையும் நினையாதிருத்தல் இயலாது. பேரரசின் பதவிகள் பல அக்குடும்பத்தார் கையில் இருந்தன. மூத்த மகன் ஜமாலுல்முல்க் பல்கு நாட்டை ஆண்டவன். அரசனுடைய விகடன் ஒருவன் தன் தந்தையை எள்ளி நகையாடினான் என்பதற்காக அவன் நாவைப் பறித்துக் கொன்றான். மலிக் ஷா அப்போது ஒன்றுஞ் சொல்லவில்லை. பின்னர் 1082ஆம் ஆண்டளவில் ஜமாலுல்முல்க்கை நஞ்சூட்டிக் கொல்வித்து, தந்தையிடம் தானே சென்று, இனி நான் உமக்கு மகன் என்று தேற்றினான் என்பர். தந்தை வசீராகவே தொடர்ந்தார். அவருள்ளம் என்ன பட்டதென்று நூலில் ஒரு சொல்லும் இல்லை. ஐம்பது இயல்களில் அடக்கமாட்டாத ஒன்றை அவர் எழுதாது விட்டார் போலும்.

அதே இயலிற் படைச் சிக்கனம் பற்றிய வழக்கும் வருகின்றது. நாடு அமைதியுற்றிருத்தலால், ஊதியம் பெறும் நான்கு இலட்சம் வீரருள் எழுபதினாயிரவரை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையோரை நீக்கலாமென அரசனுக்கு ஒருவன் ஓதுகின்றானாம். நீக்கப்பட்ட மூன்றிலட்சத்து முப்பதினாயிரவர் வாளொடு வேறொரு தலைவனைத் தேடுவர் என்பது நிஸாமுல்முல்க்கின் விடை. எண்கள் பெருக்கிக் கூறப்பட்டனவாயினும் வாதம் பட்டறிவின் வழிப்பட்டது. சில ஆண்டுகளுக்கு முன் ரை நகரிற் படையைப் பார்வையிட்ட மலிக் ஷா, இவர் சொல்லைக் கேளாது ஏழாயிரவரை நீக்கினான். நீக்கப்பட்டோர் கலகஞ் செய்த அரசன் தம்பி தெக்கிஷிடம் போய்ச் சேர்ந்தனர். நூலில் அந்நிகழ்ச்சி பெயர் சுட்டிச் சொல்லப்படவில்லை. அரசனுக்கு அது நினைவிலிருக்கும் என்பதை ஆசிரியர் அறிவார்.

நாற்பத்திரண்டாம் இயல் பெண்டிர் அரசியலிற் தலையிடுதலைக் கடிகின்றது. பாரசீகப் பழங்கதையிலிருந்து சூதாபா என்னும் அரசியைக் கொணர்ந்து, அவள் சொற்கேட்ட கைக்காவூஸ் தன் மைந்தன் சியாவுஷை இழந்த கதையைச் சொல்லி, பொதுவாகப் பெண்குலத்தையே இழித்துரைக்கின்றார். இவ்வியல் நூலுக்குக் களங்கம். அதனைக் காலத்தின் மேலேற்றிக் கழித்துவிடுதலும் பொருந்தாது. ஏனெனில் இது பெண்டிரைப் பற்றியதன்று, பெண் ஒருத்தியைப் பற்றியது. மலிக் ஷாவின் பட்டத்தரசி தர்க்கன் காத்தூன் தன் சிறு குழந்தை மஹ்மூதுக்கு இளவரசுப் பட்டம் வேண்டினாள். நிஸாமுல்முல்க்கோ வேறொரு மனைவியின் மகனாகிய பர்க்கியாருக்கின் பக்கம் நின்றார். அரசியின் காரியத் தலைவர் தாஜுல்முல்க் வசீர் பதவிக்குக் காத்திருந்தார். ஒருத்தியின் பெயரைச் சொல்ல அஞ்சியவர் பெண்குலம் முழுவதன் மேலும் பழிசுமத்தினார். பாத்தினியரையும் அவர்க்கு முற்பட்ட மஸ்தக் முதலானோரையும் தாக்கும் நாற்பத்து மூன்று தொடங்கி நாற்பத்தேழு வரையுள்ள இயல்களும் இவ்வகையினவே. 1090இல் ஹசன் சப்பாஹ் அலமூத்தைக் கைப்பற்றியபின் அச்சத்துக்கு உண்மையான காரணம் இருந்தது. ஆனால் அங்கும் அவர் சினம் கோட்டையிலுள்ள பகைவனைக் காட்டிலும், அரசவையிலிருந்து அத்தகையோர்க்குத் துணைநிற்போர்மேலேயே மிகுதியாகப் பாய்கின்றது.

1092இல் இம்மறைமொழிகளுக்கெல்லாம் இடமின்றிப் போயிற்று. மர்வு நகரில் அவருடைய பேரன் அரசனுடைய அலுவலன் ஒருவனை அவமதித்தான். மலிக் ஷா ஆளனுப்பினான்: நீர் என் அரசிற் பங்காளியா, பணியாளரா? பணியாளராயின், உம் மைந்தர் வரம்பு கடத்தல் ஏன்? நூல் முழுவதும் பணிந்த சொல்லே பேசிய முதியவர் இப்போது பணியவில்லை. பங்காளிதான் என்பதை அவன் இதுவரை அறியானாயின் இனி அறிந்துகொள்ளட்டும். என் மைக்கூடும் அவன் முடியும் ஒன்றோடொன்று பிணைந்தவை, இது மூடப்படின் அதுவும் நில்லாது என்று விடையிறுத்தாரென இப்னுல் அதீர் முதலிய வரலாற்றாசிரியர் எழுதியுள்ளனர். சியாசத் நாமா ஐம்பது இயல்களிற் சுற்றிச்சுற்றி வந்து சொல்லாது விட்டது இதுவே. நூலிலோ வசீர் அரசனால் ஆராயப்படவேண்டிய பணியாளன். வாழ்விலோ அரசின் பாதி. இவ்விரண்டையும் அவர் ஒருங்கே நம்பினார் என்பதே எம் துணிபு. நடிப்பெனக் கருதுவோர் ஐந்தாம் இயலை மீண்டும் படிப்பாராக.

1092 ஒக்தோபர் 14ஆம் நாள், நஹாவந்துக்கு அண்மையில், நோன்பு துறந்தபின் பல்லக்கிற் சென்ற அவரை, சூபித் துறவி வேடந் தாங்கி மனுவொன்றை நீட்டி வந்த தைலமிய இளைஞன் கத்தியாற் குத்திக் கொன்றான். குறையுடையோன் அரசையணுகும் வழி திறந்திருத்தல் வேண்டுமென எழுதியவர் அவ்வழியாலேயே மாண்டார். கொலைஞன் அலமூத்தைச் சேர்ந்தவனெனப் பலரும், தாஜுல்முல்க்கும் அரசனும் உடந்தையெனச் சிலரும் கூறினர். ஐந்து வாரம் கழிந்து மலிக் ஷாவும் பாக்தாதில் இறந்தான். மைக்கூட்டுக்கும் முடிக்கும் உள்ள பிணைப்பை மக்கள் அன்று நினைவுகூர்ந்திருப்பர். தாஜுல்முல்க்கை 1093இல் நிஸாமுல்முல்க்கின் அடிமை வீரர் கொன்று பழிதீர்த்தனர். மைந்தருள் முஅய்யிதுல்முல்க் பர்க்கியாருக்கின் கையிலும், பக்ருல்முல்க் 1106இற் கொலைஞன் கத்தியிலும் இறந்தனர்.

உள்நாட்டுப் போர் நிகழ்ந்த அவ்வாண்டுகளில் முஹம்மத் மக்ரிபி தம்மிடமிருந்த ஏட்டை வெளிக்காட்டத் துணியவில்லை. மலிக் ஷாவின் மற்றொரு மைந்தன் முஹம்மத் 1105 தொடக்கம் 1118 வரை ஆண்டான். நாடு ஓரளவு அமைதியுற்ற அவன் காலத்திலேயே நூல் வெளிப்போந்தது. ஒரு குடும்பத்தார் பதவிகளைப் பற்றிக்கொள்ளுதல் தகாதெனச் சொல்லும் நூல் அரசவைக்கு வந்த அவ்வாட்சியில், 1107 முதற் சில ஆண்டுகள் வசீராய் அமர்ந்திருந்தவர் நிஸாமுல்முல்க்கின் மகன் அஹ்மத்.